ஜன்னல் வைக்க முடியாத சுவர்

கண்ணா,

நீ அனுப்பின வரைபடத்தைப் பாத்தேன். பெரிசு பண்ணிப் பாத்தேன், போனைத் திருப்பிப் பிடிச்சுப் பாத்தேன், கண்ணாடியை மாத்திப் போட்டுண்டும் பாத்தேன். "இடிக்கலாமா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லிடும்மா, நகரசபையில பேப்பர் குடுக்கணும்"னு கேட்டே. ஒரு வார்த்தையில சொல்ற சங்கதியாடா இது? நேர்ல சொன்னா நடுவுல பூந்து "சரி சரி, விஷயத்துக்கு வா"ம்பே. போன்ல சொன்னா உன் ஆபீஸ் மீட்டிங் வந்து நிக்கும். அதனாலயாக்கும் எழுதறேன். கடுதாசியை நடுவுல வெட்ட முடியாது பாரு. இன்னொண்ணும் இருக்கு. நம்ம தெரு சங்கத்துல இந்த வருஷத் தேர்த் திருவிழாவுக்கு ஒரு மலர் போடறா. ஆளாளுக்கு அவாவா ஆத்துப் பெருமையை எழுதிக் குடுத்துண்டிருக்கா. என்னையும் கேட்டா. நான் இந்தக் கடுதாசியையே குடுத்துடலாம்னு இருக்கேன். உனக்கு வெக்கமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். தெருவுல பாதி ஆத்துல இதே பேச்சுதான் நடக்கறது, அவாளும் படிக்கட்டும்.

நம்ம ஆத்தைப் பத்தி எல்லாருக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கு. தெருக்கோடியில பாரம்பரியத் தெருன்னு போர்டு வெச்சதுலேர்ந்து காமிராவைத் தூக்கிண்டு வராத ஆள் பாக்கி இல்லை. வந்து, வாசல் மரத்தூணைக் கட்டிண்டு போட்டோ எடுத்துண்டு, "அய்யோ, இதை மட்டும் இடிச்சுடாதேங்கோ மாமி"ன்னு சொல்லிட்டுப் போறதுகள். சங்கத்துல, தெரு மாறிடப்படாதுங்கறா. அரசாங்கத்துல, முகப்பைத் தொடாதே, பின்னால என்ன செய்யறதானாலும் எங்களைக் கேட்டுண்டு செய்யுங்கறா. நீயோ புனேல இருந்துண்டு, இடிச்சாத்தான் அம்மா பத்திரமா இருப்பாங்கறே. போன மழையில நான் மச்சுப் படியில வழுக்கி விழுந்ததுலேர்ந்து உனக்குத் தூக்கம் இல்லை, எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணு கவனிச்சேண்டா. "இடிச்சுடலாம்மா"ன்னு சொல்ற உன் குரல்லயே, அம்மா வேண்டாம்னு சொல்லிடுவான்னு ஒரு நம்பிக்கையும் இருக்கு. நான் பிடிவாதமா நின்னா உனக்கும் சௌகர்யம். எல்லாம் செஞ்சு பாத்தேன், அம்மா கேக்கலைன்னு நாலு பேர்கிட்ட சொல்லிக்கலாம். அந்த சௌகர்யத்தை நான் உனக்குக் குடுக்கறதா இல்லை.

இந்த வீடு எனக்குப் பிடிக்காது. படிச்சாச்சா? இன்னொரு தரம் படி. வந்த நாள்லேர்ந்தே பிடிக்காது. இத்தனை பேர் கேக்கறா, நான் என்ன நினைக்கறேன்னு மட்டும் இதுவரைக்கும் ஒரு ஈ காக்கா கேட்டதில்லை. நீயும்தான்.

நான் வண்டிப்பெரியார்ல பொறந்து வளர்ந்தவளாக்கும். என் அப்பா எஸ்டேட் ஆபீஸ்ல கிளார்க். எங்களுக்குக் குடுத்திருந்த குவார்ட்டர்ஸ் மேட்டுல தனியா நின்னது, நாலு பக்கமும் ஜன்னல். எந்த ஜன்னலைத் திறந்தாலும் தேயிலைதான். மேகம் ஒரு ஜன்னல் வழியா உள்ள வந்து, படுக்கையை எல்லாம் ஈரமாக்கிட்டு, இன்னொரு ஜன்னல் வழியாப் போகும். "சாத்துடி, மூட்டை மூட்டையா ஜலதோஷம் வரும்"னு அம்மா கத்துவா. நான் சாத்தமாட்டேன். காலம்பற கொழுந்து கிள்ள வர்றவா மலைச்சரிவுல ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுண்டு போறது, ஃபேக்டரிச் சங்கு, குமுளி பஸ் வளைவுல மூச்சு வாங்கிண்டு ஏறறது, எல்லாம் படுத்துண்டே கேக்கலாம். அந்த மாதிரி ஊர்லேர்ந்து என்னைக் கொண்டுவந்து இந்தத் தெருவுல விட்டா.

இங்க எல்லா வீடும் தோளோட தோள் ஒட்டிண்டு நிக்கறது. உனக்குத் தெரியாததா? ரயில் பெட்டி மாதிரி நீளமா உள்ள போயிண்டே இருக்கும். வாசல்ல கொஞ்சம் வெளிச்சம், நடுவுல வானம் தெரியற மித்தத்துல கொஞ்சம் வெளிச்சம், கிணத்தடியில கொஞ்சம் வெளிச்சம், மத்த இடமெல்லாம் பட்டப்பகல்ல லைட்டு. கல்யாணம் ஆகி வந்த மறுநாள் காலம்பற எழுந்து, அரைத்தூக்கத்துல கிழக்குச் சுவர்ல ஜன்னல் கொக்கியைத் தேடறேன். கையில காலண்டர் அகப்பட்டது. உங்கப்பா பாத்துண்டே இருந்திருக்கார். "என்ன தேடறே?"ன்னார். "ஜன்னல்"னேன். விழுந்து விழுந்து சிரிச்சார். "தாராளமா வெச்சுத் தரேன். ஆனா திறந்தா அம்புஜம் மாமியோட அடுக்களைதான் தெரியும். அவ என்ன குழம்பு வெக்கறான்னு நீ பாத்துக்கலாம், நீ எப்போ எழுந்துக்கறேன்னு அவ பாத்துப்பா, சம்மதமா?"ன்னார். எனக்கு அழுகை வந்துடுத்து. அதுக்கப்புறம் அவர் பாவம், வருஷா வருஷம் வெள்ளை அடிக்கறச்சே அந்த இடத்துல நின்னு, "இந்தத் தரம் வெச்சுடலாமா ஜன்னல்?"னு கேப்பார். நானும் "வெச்சுடுங்கோ, குறுக்குக் கம்பி வேண்டாம்"னு சொல்லுவேன். கடைசி வருஷம் வரைக்கும் எங்களுக்குள்ள அந்த விளையாட்டு ஓயலை.

ஒட்டுச் சுவர்னா என்னன்னு உன் பசங்களுக்குச் சொல்லிக் குடு. நமக்கொரு சுவர், அவாளுக்கொரு சுவர்னு கிடையாது. ரெண்டு ஆத்துக்கும் சேர்த்து ஒரே சுவர். நம்ம உத்தரத்துக் கட்டை அதுலதான் பூந்து நிக்கறது, அவா உத்தரமும் அதுலதான். ஒருத்தர் ஆத்துல ஆணி அடிச்சா அடுத்தாத்துல பல்லி விழும். வந்த புதுசுல, ஒரு நாள் மத்தியானம் அடுக்களையில உக்காந்துண்டு வெறுதே அழுதுண்டிருந்தேன். சுவர்ல யாரோ தட்டற மாதிரி கேட்டது. டொக், டொக். பயந்து போயிட்டேன். திரும்பவும் கேட்டது. கையில தோசை திருப்பற சட்டுவம் இருந்தது, அதோட காம்பால நானும் தட்டினேன். செத்த நாழியில அம்புஜம் மாமி வாசல் வழியா வந்து நிக்கறா, கையில ஒரு கிண்ணம் பால்பாயசம். "அழுகை நின்னுடுத்தா? பிறந்தாத்தை நெனச்சு அழற அழுகைக்கு எங்காத்துல இதான் மருந்து"ன்னா. அவளும் மலையிலேர்ந்து இறங்கி வந்தவதானோன்னு நெனச்சுண்டு, "மாமி உங்க ஊர் எது?"ன்னு கேட்டேன். "இதே தெருதான். நாலு வீடு தள்ளி வந்ததுக்கே நான் ஒரு மாசம் அழுதேன்"னா. அன்னிக்குச் சிரிச்சேன் பாரு, இந்த ஆத்துக்கு வந்து முதல் தடவையா.

அதுலேர்ந்து எங்க பேச்செல்லாம் சுவர் வழியாத்தான். மெதுவாத் தட்டினா மோர் இருக்கு, பாத்திரத்தோட வான்னு அர்த்தம். படபடன்னு தட்டினா போட்டது போட்டபடி ஓடி வரணும். ராத்திரி எல்லாம் ஒதுங்கினப்புறம், சாவகாசமா ஒரு தட்டு. அதுக்கு எங்காத்துல விளக்கணைச்சாச்சு, உங்காத்துல எப்படின்னு அர்த்தம். இந்தப் பக்கத்துலேர்ந்து பதிலுக்கு ஒரு தட்டு. அப்புறம்தான் தூங்குவோம். சண்டை போட்டுண்ட நாளும் உண்டு, கொல்லைப்புறத் தண்ணிக்குழாய்க்காக ரெண்டு பேரும் மூஞ்சியைத் திருப்பிண்டு நடந்திருக்கோம். ராத்திரி அந்தத் தட்டு மட்டும் நிக்கலை. உங்கப்பா "பகல்ல பேச்சில்லை, ராத்திரி என்ன தந்தி?"ன்னு கிண்டல் பண்ணுவார்.

உனக்கு அம்மை போட்டிருந்தது ஞாபகம் இருக்கோ? அந்தக் கிழக்குச் சுவரை ஒட்டித்தான் வேப்பிலை பரப்பிப் போட்டிருந்தேன். வெளியாள் யாரும் உள்ள வரப்படாது. நீ அரிக்கறது அரிக்கறதுன்னு ஆத்தை ரெண்டாக்கிண்டிருந்தே. மாமிக்குக் குழந்தை இல்லையா, உன் அழுகை கேக்கறது, வந்து தூக்க முடியலை, அவளுக்கு இருப்புக் கொள்ளலை. அந்தப் பக்கத்துலேர்ந்து தாளம் தட்ட ஆரமிச்சா. பாட்டுக் கத்துண்டவளோன்னோ! நீ அழுகையை நிறுத்திட்டுக் காதைச் சுவர்ல வெச்சே. அவ தட்டினதை அப்படியே விரலால திருப்பித் தட்டினே. அவ தாளத்தை மாத்தினா, நீயும் மாத்தினே. அப்படியே தட்டிண்டே தூங்கிப் போனே. உடம்பு தேறி எழுந்தப்புறமும் உனக்கு அவ "சுவர் மாமி"தான். பள்ளிக்கூடத்துல, உங்காத்துல யார் யார்னு கேட்டதுக்கு, அப்பா, அம்மா, சுவர் மாமின்னு சொல்லிட்டு வந்தே. அவகிட்டச் சொன்னேன், தலைப்பால வாயைப் பொத்திண்டு உள்ள போயிட்டா.

உங்கப்பா போன அன்னிக்கு நான் கத்தலை, வாசலுக்கும் ஓடலை. என் கை தன்னால சட்டுவத்தை எடுத்துப் படபடன்னு சுவர்ல அடிச்சது. மாமி எப்படி வந்தா, வாசக்கதவை யார் திறந்தா, ஒண்ணும் தெரியாது. என் பக்கத்துல இருந்தா. நீ ப்ளேனைப் பிடிச்சு வந்து சேர்ற வரைக்கும் என் கையை விடலை. அதுக்கப்புறம் ஆத்துல நான் தனி, அந்தப் பக்கம் அவளும் தனி. ஆனா ராத்திரி தட்டு இருந்தது பாரு, அதனால தனின்னு தோணலை. "அங்க தனியா எப்படிம்மா இருக்கே?"ன்னு நீ கேக்கறச்சே எல்லாம் நான் சிரிச்சது அதனாலதான்.

அப்புறம் மாமிக்குக் காது மந்தமாச்சு. நான் தட்டறது கேக்காது, ஆனா கையைச் சுவர்ல வெச்சுண்டு காத்துண்டிருப்பா, அதிர்றது தெரிஞ்சதும் திருப்பித் தட்டுவா. அப்புறம் முட்டி போயிடுத்து. நாக்பூர்லேர்ந்து அவ அண்ணா பொண்ணு வந்து கூட்டிண்டு போனா. நல்ல பொண்ணு, குத்தம் சொல்லப்படாது. வீட்டை வித்தா. வாங்கினவர் முகப்பை மட்டும் கம்பு குடுத்து நிறுத்தி வெச்சுண்டு, பின்னால பூரா இடிச்சார். சட்டப்படிதான். தெருவுலேர்ந்து பாத்தா வீடு வீடு மாதிரியே இருக்கு, உள்ள எட்டிப் பாத்தா ஆகாசம்.

இடிக்க ஆரமிச்ச அன்னிக்கு நான் அடுக்களையில காய் நறுக்கிண்டிருந்தேன். கிழக்குச் சுவர்ல டொக்னு ஒரு சத்தம். நான் எழுந்து போய், சட்டுவத்தை எடுத்து, திருப்பித் தட்டினேன் கண்ணா. யோசிக்கவே இல்லை. அந்தப் பக்கம் சத்தம் நின்னுது. கொஞ்ச நாழி கழிச்சு ஒரு ஆள், கையில கடப்பாரையோட, தலை பூரா மண்ணோட, வாசல்ல வந்து நின்னான். "அம்மே, பேடிக்கண்டா, பயப்படவேண்டாம், இந்தச் சுவரைத் தொடமாட்டோம்"னான். நான் பயந்துபோய்த் தட்டினேன்னு நெனச்சுண்டான் போலிருக்கு. சரிப்பான்னு அனுப்பிட்டேன். அன்னிக்கு நறுக்கின காயைச் சமைக்கலை.

அடுத்த வாரம், அவா சாப்பிடப் போன நேரம் பாத்து, மெதுவா அந்தப் பக்கம் போனேன். நம்ம சுவரை வெளியிலேர்ந்து பாக்கறது எனக்கு அதான் முதல் தடவை. மாமியோட அடுக்களைக் கரி அப்படியே இருந்தது. ஜல்லிக் கரண்டி மாட்டற ஆணி, அவ காலண்டர் இருந்த இடத்துல சதுரமா ஒரு வெள்ளை. அதுக்குக் கொஞ்சம் கீழ, பூச்சு உதுந்து, உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி. அவ தட்டித் தட்டி விழுந்த குழி. நம்ம பக்கத்துலயும் அதே மாதிரி ஒண்ணு இருக்கு, நீ வெள்ளை அடிக்கறச்சே சிமெண்ட் வெச்சு அடைக்கப் பாத்தியே, நான் கத்தினேனே, அதான். கையை வெச்சேன். சுவர் வெயில்ல சூடா இருந்தது. இத்தனை வருஷத்துல அந்தச் சுவர்ல வெயில் பட்டதே இல்லைன்னு அப்பத்தான் தோணித்து.

புது வீட்டுக்காரர் நம்ம பக்கமா நடக்கறதுக்கு இடம் விட்டுத்தான் கட்டறாராம். அப்போ கிழக்கே வெளிச்சம் எப்பவும் இருக்கும். ஜன்னல் வெக்கலாம். உங்கப்பா இருந்திருந்தா தாம்பாளத்துல வெத்திலைபாக்கு வெச்சு, "எந்த அளவு ஜன்னல் வேணும் மகாராணிக்கு?"ன்னு கேட்டிருப்பார். நான் ஆசைப்பட்ட ஜன்னல் இப்படித்தான் வரும்னு, அவரும் இல்லாம மாமியும் இல்லாமத்தான் வரும்னு தெரிஞ்சிருந்தா, நான் ஆசைப்பட்டே இருக்கமாட்டேன். காலண்டரே போறும்னு இருந்திருப்பேன்.

நீ கூட்டிண்டு வந்த இன்ஜினீயர் என்ன சொன்னார்? ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சுண்டு நின்ன வீடுகள், ஒண்ணு போனா அடுத்தது தாங்காது, உத்தரத்துல கரையான் வேற, அடுத்த மழைக்கு நான் கியாரண்டி இல்லைன்னார். உனக்கு அது கட்டடத்தைப் பத்தின பேச்சா இருந்தது. எனக்கு என்னவோ அவர் என்னைப் பத்திச் சொன்ன மாதிரியே இருந்தது. சிரிச்சுண்டே காப்பி குடுத்தேன், ஞாபகம் இருக்கோ?

போன வாரம் நாக்பூர்லேர்ந்து அந்தப் பொண்ணு போன் பண்ணினா. "மாமி, நீங்க சொன்னாக் கேப்பாளோன்னு கூப்பிட்டேன். அத்தை ராத்திரி ஆனா சுவர்ல தட்டறா. பக்கத்து பிளாட்காரா வந்து கம்ப்ளெயிண்ட் பண்றா. கட்டிலை நகர்த்திப் போட்டுப் பாத்தோம், எழுந்து போய்த் தட்டறா. தட்டிட்டு, கையைச் சுவர்ல வெச்சுண்டு நின்னுண்டே இருக்கா"ன்னா. நான் என்னத்தைச் சொல்ல? போனை அவ காதுல வெச்சாலும் கேக்காது. "அந்தப் பக்கத்து ஆத்துல யாராவது நல்லவா இருந்தா, ஒரு தரம் திருப்பித் தட்டச் சொல்லேன்மா, தூங்கிடுவா"ன்னு சொன்னேன். அவளுக்கு மனசிலாச்சோ என்னவோ, "பாக்கறேன் மாமி"ன்னு வெச்சுட்டா. நான் ரொம்ப நாழி அழுதேன். எனக்கு அவ வேணும் கண்ணா. இந்த வயசுல இப்படி ஒரு ஏக்கம் வருமான்னு எனக்கே ஆச்சரியமா இருக்கு, ஆனா வேணும்.

உன் புனே பிளாட்டுக்கு வந்திருந்தப்போ, சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கான்னு கேட்டேன். "யாரோம்மா, தெரியாது, எப்பவாவது ட்ரில் போடற சத்தம் கேக்கும்"னே. உன்னைத் திட்டணும்னு இதை எழுதலைடா. நீ சம்பாதிச்சு, குடும்பத்தை நல்லபடியா வெச்சிருக்கே, ஷாலினியும் தங்கமான மாட்டுப்பொண்ணு. ஆனா ஒரு நாள் கதவைத் தட்டி, பேரைக் கேட்டுண்டு வா. ஒரு கிண்ணம் பாயசம் எடுத்துண்டு போ. அவா ட்ரில் போடறவாளா மட்டும் இருக்கவேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வரேன். இடி. நான் கையெழுத்துப் போடறேன். மலர்ல இதைப் படிக்கறவா என்னை வையட்டும். முகப்பை வெச்சுக்கோ, அது தெருவுக்குச் சொந்தம், காமிராக்காரா வந்து கட்டிண்டு நிக்கட்டும். மரத்தையும் ஓடுகளையும் வீணாக்காதே. கட்டி முடியற வரைக்கும் புனேக்கு வாம்மான்னு கெஞ்சிண்டிருந்தியே, வரேன். மூட்டை கட்டவும் ஆரமிச்சாச்சு, சட்டுவம் முதல்லயே உள்ள போயிடுத்து. ஆனா வரைபடத்துல ரெண்டு திருத்தம் இருக்கு, அதை உன் இன்ஜினீயர்கிட்டச் சொல்லு.

ஒண்ணு, கிழக்கே ஜன்னல். குறுக்குக் கம்பி இல்லாம. உங்கப்பா குடுத்த வாக்கு.

இன்னொண்ணு. எனக்குக் கீழ, வாசப்பக்கம் ரூம் போட்டிருக்கே, பாத்ரூமோட, பிடிச்சுண்டு நடக்கக் கம்பியோட. எல்லாம் நன்னாருக்கு. உங்களுக்கு மாடியில, பின்கோடியில போட்டிருக்கே. அதை மாத்து. கீழேயே, என் ரூமை ஒட்டி உன் ரூம் வரட்டும். நடுவுல ஒரே சுவர், சத்தம் போகாத சுவரெல்லாம் வேண்டாம். என் கட்டிலும் உன் கட்டிலும் அந்தச் சுவரை ஒட்டி இருக்கட்டும். புனேலயும் அப்படியே ஒரு ரூம் ஒழிச்சுக் குடு. வருஷத்துல நீ எத்தனை நாள் இங்க வருவேன்னு நான் கேக்கமாட்டேன். வர்ற அன்னிக்கு, எல்லாம் ஒதுங்கி விளக்கணைச்சப்புறம், நான் ஒரு தட்டுத் தட்டுவேன். எழுந்து வரவேண்டாம், என்ன வேணும்னு கேக்கவேண்டாம். படுத்துண்டே, திருப்பித் தட்டினாப் போறும்.

அம்மா